புதுப்பிப்பு: தனி கிட்டார் ஆல்பம், பதிவு முடிந்தது

எதையும் முன்கூட்டி எழுதி வைக்காமல், அந்த நேரத்தில் கைக்கு வருவதை மட்டும் வாசித்து ஒரு ஜாஸ் கிட்டார் ஆல்பம் பதிவு செய்யப் போகிறேன், இரண்டு மைக் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். ஒன்றே போதும். கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கு) நேராக ஒரு அடி தள்ளி வைத்தேன். கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக வைத்தால் கும்மென்று இரைகிறது.

பெரிய தொல்லை வேலூர் வெயில்தான். சத்தம் விழாமலிருக்க ஃபேனை நிறுத்தினால், கொஞ்ச நேரத்திலேயே கம்பிகள் சுருதி இறங்கிவிடும். அப்புறம் பதிவு நேரத்தை விடிகாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது பதிவில் ஆறாவது கம்பியை, அதாவது தடித்த கம்பியை, ஈ (E) ஸ்வரத்திலிருந்து டி-க்கு (D) இறக்கி, தம்பூரா போல ஒலிக்க விட்டேன். நடுவில் விரல் வழுக்கி வேறொரு ஸ்வரம் விழுந்தது. நிறுத்தவில்லை. அதையே திரும்பத் திரும்பத் தொட்டு, அதன் கீழே கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) மாற்றிக்கொண்டே போனேன்; நான்காவது முறை அது தவறாகவே கேட்கவில்லை. ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆல்பத்தில் எனக்கு உயிர் அந்த இடம்தான்.

அதன் முடிவில் காட்பாடி ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஹார்ன் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. வெட்டாமல் விட்டுவிட்டேன். மொத்தம் ஏழு பதிவுகள். அடுத்தது மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை.