பாட்டு கேக்குது, வார்த்தை விளங்கல

தங்கச்சிமடத்திலிருந்து:

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் 18 வருசமாக மைக் செட் போடுகிறேன். ஈக்யூ, அதாவது சத்தத்தின் கனம், நடு, கூர்மையைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, எதற்கு என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு பாட்டி.

கடலோரக் கிராமம் ஒன்றில் ஜெப மண்டபம். நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே தகரம், தரையில் டைல்ஸ். சாயங்காலம் பாடற்குழு நிகழ்ச்சி. மதியமே போய்த் தனியாகப் பாட வேண்டிய பெண்ணை மைக்கில் நிற்க வைத்தேன். குரல் அடைத்த மாதிரி இருந்ததால் கூர்மையான மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினேன். ஸ்பீக்கர் சத்தமே மைக்கில் திரும்பப் புகுந்து வீலென்று கூவியது. இறக்கிவிட்டு வால்யூமைக் கூட்டினேன். மறுபடி கூவியது.

மண்டபத்தின் பின்கோடியில் பாய் விரித்துக்கொண்டிருந்த பாட்டி, "தம்பி, பாட்டு கேக்குது. வார்த்தை ஒண்ணும் விளங்கலையேப்பா" என்றார்.

எழுந்துபோய் அவர் பாயிலேயே உட்கார்ந்தேன். பாட்டி சொன்னது நிஜம். ஒரு சொல் முடிந்த பிறகும் அதன் 'ம்ம்' சத்தம் சுவருக்குள் நின்று, அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மூடிக்கொண்டிருந்தது. மைக் சத்தத்தைச் சரிசெய்யும் மிக்ஸர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எனக்கு இது கேட்கவே இல்லை.

சரி, ஏற்றுவதை விட்டுவிட்டு எடுப்பதைப் பார்ப்போம் என்று, முதலில் அடிச் சத்தத்தை வெட்டும் 'லோ கட்' பொத்தானை அழுத்தினேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பெண் குரலுக்கு வேலையே இல்லை. அங்கே இருப்பதெல்லாம் மேடை அதிர்வும் மூச்சுக்காற்றும்தான். அப்புறம் சத்த அளவுக்கான ஃபேடரைப் பாதிக்கு இறக்கிக்கொண்டு, நடுச் சத்தத்துக்கான மிட் குமிழை நன்றாக ஏற்றி, எந்த ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் அதன் ஃப்ரீக்வென்சி குமிழை மெல்ல நகர்த்தினேன். 300 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் குரல் குடத்துக்குள் போய்விட்டது. இடம் தெரிந்துவிட்டது. அதே இடத்தில் 5 டெசிபல் குறைத்தேன். சத்தத்தை 31 பேண்டாக, அதாவது துண்டுகளாகப் பிரித்துச் சரிசெய்யும் கிராஃபிக் ஈக்யூவில் கூவல் வந்த 2500 ஹெர்ட்ஸை மட்டும் 3 டெசிபல் இறக்கினேன். ட்ரெபிளைத் தொடவே இல்லை. மெய்யெழுத்தின் தெளிவெல்லாம் 2000-க்கும் 4000-க்கும் நடுவில் இருக்கிறது. கீழே இருந்த இரைச்சல் போனதும் அது தானாக மேலே வந்தது. மேடையில் பாட அதிகம் பயன்படும் எஸ்எம்58 மாதிரி மைக்கில் அந்த இடம் ஏற்கனவே கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

எதிரொலியை ஈக்யூ நீக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக இரண்டு ஸ்பீக்கரையும் சுவரை விட்டுத் தள்ளி, ஆட்கள் உட்காரும் பக்கம் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் கூட்டம் நிறைந்ததும் மேல் சத்தத்தை உடம்பும் துணியும் குடித்துவிட்டன. கூவல் பயமும் குறைந்தது. கிராஃபிக்கில் எடுத்ததில் ஒரு டெசிபலைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் பாட்டு முடிந்ததும் பாட்டியைத்தான் பார்த்தேன். உதடு கூடவே அசைந்துகொண்டிருந்தது.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, எனக்கு நேர்மாறாக நடந்தது. கல்யாண வீட்டில் பாட வந்த காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல கனத்த குரல். ஆனால் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துத்தான் பாடுவார். அரைமணி நேரம் கிராஃபிக்கில் ஒவ்வொரு பேண்டாக இறக்கியும் கூவல் இடம் மாறியதே தவிர நிற்கவில்லை. தலையைப் பொத்தினால் பின்பக்கத் துளை அடைபட்டு, முன்னால் மட்டும் கேட்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். கடைசியில் மேடையேறி, "காக்கா, கொஞ்சம் கீழே பிடிச்சுக்கங்க" என்று காதோடு சொன்னேன். மறுக்காமல் மாற்றிப் பிடித்தார். இறக்கிய பேண்டில் பாதியைத் திரும்ப ஏற்ற முடிந்தது.

தேவிபட்டினத்திலிருந்து:

நம்ம பக்கத்து உப்புக்காற்றையும் கணக்கில் வையுங்கள். என் மைக் ஒன்று மந்தமாகிக்கொண்டே வந்தது. ஒரு வருசம் ட்ரெபிளை ஏற்றி ஏற்றிச் சமாளித்தேன். ஒருநாள் வலைத்தலையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் பஞ்சு எச்சிலும் உப்பும் தூசியும் ஏறிக் கெட்டியாக இருந்தது. தலையை மட்டும் தனியாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். ட்ரெபிள் குமிழ் இப்போது நடுவிலேயே நிற்கிறது.