மேட்டூர் ஜூன் 12: தேதியப் பாத்து திறக்கறதா, தொண்ணூறு வருச கணக்கப் பாத்தா?

நீர்க்கணக்கு:
டெல்டாவுல குறுவை நெல்லுக்கு மேட்டூர் அணைய ஜூன் 12ல திறக்கறது வழக்கம். 2023ல அன்னிக்கு மேட்டூர்ல நூறடிக்கு மேல தண்ணி இருந்துச்சு, தேதி தவறாம திறந்தாங்க, கர்நாடகாவுல மழையும் இல்ல அங்கிருந்து தண்ணியும் ஒழுங்கா வரல, அக்டோபர் 10ந்தேதி மூடியாச்சு. அணை 1934ல இருந்து ஓடுது, நீர்மட்டம், வரத்து, வெளியேத்தம் எல்லாம் தினமும் எழுதி வச்சிருக்காங்க. இவ்ளோ பெரிய பதிவ கையில வச்சிக்கிட்டு அன்னிக்கு எத்தன அடி இருக்குன்னு மட்டும் பாத்து ஏன் முடிவெடுக்கணும்? இதே இருப்பு இருந்த பழைய வருசங்கள்ல ஜூலை ஆகஸ்ட்ல எத்தன தடவ வரத்து கைகுடுத்துச்சுன்னு மே மாசமே பாத்து, இந்த வருசம் குறுவை இத்தன லட்சம் ஏக்கர்தான் தாங்கும்னு சொல்லிடலாமே.

மன்னார்குடிக்காரன்:
தம்பி, ஜூன் 12 சும்மா குறிச்ச நாள் இல்ல. அப்ப தண்ணி வந்தாதான் நாத்து விட்டு நட்டு அக்டோபர் மொத வாரத்துக்குள்ள அறுக்க முடியும், குறுவைக்கு 110 நாள் பயிர் தானே. ஒரு மாசம் தள்ளுனா அறுப்பு நேரத்துல வடகிழக்கு மழை புடிச்சிக்கும், கதிர் சாஞ்சு வயல்லயே முளச்சிடும், பின்னால அதே வயல்ல போடற தாளடி நெல்லும் கெடும். அந்த தேதியே எங்க தாத்தன் பூட்டன் கண்ட கணக்குதான்.

நீர்க்கணக்கு:
அண்ணே தேதிய மாத்தச் சொல்லல, பரப்பத்தான் சொல்றேன். 2024ல ஜூன்ல திறக்கவே முடியல, ஜூலை 28 திறந்தாங்க, ரெண்டே நாள்ல 120 அடி நிரம்பிடுச்சு. அன்னிக்கு இருப்ப மட்டும் பாக்கறது ரெண்டு பக்கமும் ஏமாத்துது.

கல்லணை_செல்வி:
நிரம்புனது நீங்க சொல்ற கணக்குக்கும் தெரிஞ்சிருக்காதே சார். அதவிட முக்கியம், எந்த தொண்ணூறு வருசம்? 70கள்ல கபினி, அப்புறம் ஹேமாவதி, ஹாரங்கின்னு மேல கர்நாடகாவுல அணை வந்தப்புறம் மேட்டூருக்கு வர்ற தண்ணி வேற, அதுக்கு முன்னாடி வந்தது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டு சராசரி எடுத்தா தப்பான நம்பிக்கைதான் வரும். காவிரில மொத்தம் ஒரு வருசத்துக்கு இவ்ளோ தண்ணின்னு நடுவர் மன்றம் சொன்ன 740 டிஎம்சியும் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) 50 சதவீத நம்பகத்தன்மைல போட்டதுதான், அதாவது பாதி வருசம் அதுக்கும் கீழ. கர்நாடகா எல்லையில தண்ணி அளக்கற பிலிகுண்டுலுக்கு 177.25 டிஎம்சி விடணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னது சாதாரண மழை வருசத்துக்கு. வறண்ட வருசத்துல பங்கு எப்படின்னுதான் ஒவ்வொரு தடவையும் சண்டை.

நீர்க்கணக்கு:
அதனாலதான் மழைப் பதிவு வேணுங்கறேன். அணை வந்ததால குடகுலயும் வயநாட்டுலயும் பேயற மழை மாறல. கபினி 19.5 டிஎம்சிதான், வயநாட்டுல நல்லா அடிச்சு பேஞ்சா அதுதான் மொதல்ல நிரம்பி உபரி வரும். மழைக்கு முழுப் பதிவையும் எடுங்க, மேட்டூர் வரத்துக்கு அணைகள் வந்தப்புறம் உள்ளத மட்டும் எடுங்க, ரெண்டையும் சேத்து ஓட்டுங்க. அடிச்சு சொல்ல முடியாதுதான், ஆனா பத்துல ஏழு தடவ தாங்குமா மூணு தடவ தாங்குமான்னு சொல்லலாம்.

மன்னார்குடிக்காரன்:
சரி, மூணு தடவதான்னு சொல்லி எங்கள தரிசு போட வச்சிட்டு ஜூலைல கொள்ளிடம் வழியா கடலுக்குப் போனா யார் பொறுப்பு? போர்வெல் வச்சிருக்கவன் எப்படியும் நடுவான், வாய்க்கால நம்பி இருக்க கடைமடைக்காரன்தான் பரப்பக் குறைக்கணும். 2023ல கதிர் வர்ற நேரத்துல வாய்க்கா காஞ்சி வயல் பாளம் பாளமா வெடிச்சு கெடந்துச்சு, பக்கத்து போர்ல மணிக்கணக்குல காசு குடுத்து எறச்சு பாதியக் காப்பாத்துனோம். ஹெக்டேருக்கு 13,500 நிவாரணம்னாங்க, ஏக்கருக்கு அஞ்சாயிரத்து ஐநூறு கூட தேறாது. அந்த வருசம் குறுவைக்கு இன்சூரன்ஸும் இல்ல.

கல்லணை_செல்வி:
இதத்தான் நானும் கேக்கறேன். பத்துல மூணுன்னு கணக்கு போட்டு சொல்ல முடியும்னா அதே கணக்குல குறுவைக்கு ப்ரீமியமும் போட முடியும். பரப்பக் குறைக்க மட்டும் பதிவு வேணும், நஷ்டத்துக்கு வேண்டாமா?

நீர்க்கணக்கு:
ரெண்டுக்கும் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா பரப்பு சொல்றத இன்சூரன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாது.

மன்னார்குடிக்காரன்:
நிறுத்தித்தான் வைக்கணும் தம்பி. மொதல்ல இன்சூரன்ஸ், அப்புறம் பரப்பு. இந்த வரிசை மாறுனா நான் ஒத்துக்க மாட்டேன்.