34 பேர், பெரும்பாலும் அம்மாமார்: கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில், உகந்தை ஒரே நாளில் முடியுமா?

களுவாஞ்சிக்குடி மகள்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோவிலில் பூமாலை கட்டுவது, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது எல்லாம் செய்கிற அம்மாமார் சேர்ந்து யாத்திரை போக வேண்டும் என்று கேட்கிறார்கள். 34 பேர். அதில் ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோரும் 60 வயது தாண்டியவர்கள், இரண்டு பேருக்கு முழங்கால் வலி, என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், மருந்து போட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எல்லாம் எங்கள் கிழக்கிலங்கைக் கோவில்கள்தான்: கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில், கடைசியாக உகந்தை, இரவு வீட்டுக்கு. ஒரு நாள் என்றால் ஒரு பஸ் வாடகையோடு முடிந்துவிடும் என்பதால்தான் இப்படி யோசித்தேன். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தாவோடு வண்டி கட்டி உகந்தைக்குப் போனவர், அதற்குப் பிறகு பிரச்சினை காலம், பிறகு எங்கள் படிப்பு, கலியாணம் என்று இன்று வரை போகவில்லை. அதனால் உகந்தையை மட்டும் விடவே முடியாது. மற்றதில் எதைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆடி மாதம் போனால் நல்லதா?

படுவான்கரையான்:
தங்கச்சி, ஒரே நாளில் வேண்டாம். நான்கு கோவிலையும் பார்க்கலாம், ஆனால் பஸ்ஸுக்குள் இருந்த நேரம்தான் கூடுதலாக இருக்கும். எங்கள் ஊர்ப் பெடியன்கள் ஒரு முறை அப்படித்தான் போனார்கள். நடுப்பகலில் நடை சாத்திய நேரத்தில் மண்டூருக்குப் போய் வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள், இளம் பிள்ளைகளுக்கே மனம் ஆறவில்லை, அம்மாமாருக்கு எப்படி இருக்கும்.

இரண்டு நாளாகப் பிரியுங்கள், நடுவில் ஒரு கிழமை இடைவெளி விட்டாலும் பரவாயில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலையும் மண்டூரும் ஒரு நாள். உங்கள் ஊரில் இருந்து பட்டிருப்புப் பாலத்தால் ஏறினால் போதும், மண்முனைப் பாலம் வரை வடக்கே போய்ச் சுற்றத் தேவையில்லை. பழுகாமம், அம்பிளாந்துறைப் பக்கத்தால் கொக்கட்டிச்சோலைக்கு நேரே போய்விடலாம், வழி முழுக்க வயலும் வாவியும்தான். காலைப் பூசைக்கு அங்கே நில்லுங்கள். அங்குள்ள சிவன் கோவிலான தான்தோன்றீச்சரத்தில் அவசரப்படாமல் அந்தக் கல் நந்திக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அம்மாமாரை இருக்க விடுங்கள். பறங்கியர் (போர்த்துக்கீசர்) காலத்தில் அந்த நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த இடத்தில் வைத்து ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்வது வேறு. கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடன் இரத்தத்தைக் கண்ட கதையையும் பிள்ளைகள் யாரும் வந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் தெற்கே திரும்பி வெல்லாவெளியால் மண்டூர் முருகன் கோவில். அங்கே ஆகம முறைப் பூசை இல்லை, கப்புகனார் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டி, திரைக்குப் பின்னால் மந்திரம் இல்லாமல் செய்கிற பூசை. மணிச் சத்தம் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். அன்றைய பூசை நேரத்தைக் கோவிலில் முதலே கேட்டுக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பப் போடுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸை மற்றவர்களோடு பட்டிருப்பால் அனுப்பிவிட்டு, நடக்கக்கூடியவர்களை மண்டூர்த் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவை) ஏற்றிக் குருமண்வெளியில் இறக்குங்கள். உங்கள் அம்மாமார் பாதையில்தான் அந்தக் காலத்தில் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள்.

மாதம் பற்றி: ஆவணிப் பூரணையோடு முடிகிற மண்டூர்த் திருவிழா நாட்களில் போனால் சனத்துக்குள் முழங்கால் வலிக்காரர் நிற்க முடியாது. ஐப்பசிக்குப் பிறகு மாரி, படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும். பங்குனி நல்லது.

தம்பிலுவில் ஆசிரியை:
படுவான்கரை அண்ணன் சொன்னதே என் கருத்தும். இரண்டாவது நாளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம். எல்லோரும் திருக்கோவிலில் தொடங்கி உகந்தையில் முடிப்பார்கள், நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டு நேரே உகந்தை. பொத்துவிலைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும், பாணமைக்கு அங்கால் யானை நடமாட்டம் உள்ள வழி என்பதால் இருட்டில் போகவும் கூடாது, பின்னேரம் பிந்தித் திரும்பவும் கூடாது. அதைவிட முக்கியம், உகந்தையில் முருகன் கோவில் அடிவாரத்தில், வள்ளியம்மன் கோவில் பாறைக்கு மேலே, சுனைகளும் அங்கேதான். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பாறையில் வெறுங்காலோடு ஏற ஏலாது. என் மாமியாரைப் பதினொரு மணிக்குக் கூட்டிப்போய்ப் பாதம் கொப்பளித்ததை நான் இன்னும் நினைத்துக் கவலைப்படுகிறேன். ஏற முடியாதவர்கள் கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் இருக்கட்டும், முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை என்று சொல்கிற இடம் அது, ஏறாததால் ஒன்றும் குறையாது.

குடிக்கத் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு. கோவிலைத் தாண்டினால் குமண வனம், அதற்குள் போனால்தான் டிக்கெட், கோவிலுக்குத் தேவையில்லை. ஆடியில் போக வேண்டாம் என்றே சொல்வேன். கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதை திறக்கிற நாட்களில் வடக்கில் இருந்து நடந்து வருகிற அடியார்கள் எல்லாம் அங்கேதான் தங்குவார்கள், அதைப் பார்ப்பது பாக்கியம்தான், ஆனால் 34 பேருக்கு நிழலும் மலசலகூடமும் கிடைக்காது.

திரும்பும்போது பொத்துவிலில் சாப்பிட்டு, சங்கமன்கண்டியில் பிள்ளையாரைக் கும்பிடலாம். இலங்கையின் கிழக்கு அந்தம் அந்தக் கரைதான், பலருக்குத் தெரியாது. மாலைப் பூசைக்குத் திருக்கோவில் சித்திரவேலாயுதர். கடல் சத்தத்தோடு அந்தப் பூசையைக் கண்டுவிட்டு வீட்டுக்குப் போனால் களைப்பே தெரியாது.

கல்முனைக்குடியான்:
அக்கா, நான் இந்த வீதியில் பல வருசம் வேன் ஓடினவன், அதனால் இரண்டு விசயம். வெள்ளிக்கிழமை போடாதீர்கள், ஜும்ஆத் தொழுகை நேரம் எங்கள் ஊர்களில் பிரதான வீதி இறுகிவிடும். மற்றது பஸ் பேசும்போது எந்தெந்த இடம், எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, பாணமைக்கு அங்கால் போவது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஒரு தரம் எங்கள் குடும்பம் வாடகைக்குப் பிடித்த பஸ், காட்டு வழிக்கு வேறு காசு என்று பொத்துவிலில் நின்றுவிட்டது, வயதான ஆட்களை வெயிலில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாதாடினோம். முற்பணம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

விடிய நீங்கள் கல்முனையைக் கடக்கும்போது சுபஹுத் தொழுகை நேரமாக இருக்கும். திரும்பி வரும்போது நேரம் இருந்தால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியடியில் நிறுத்துங்கள், நாகூர் ஆண்டகை பேரில் 12 நாள் கொடியேற்றம் நடக்கிற இடம். என் உம்மா காலத்தில் தமிழ் அம்மாமாரும் நேர்த்திக்கு வருவார்கள். தேத்தண்ணீர் எங்கள் வீட்டில், சீனி இல்லாமலும் போட்டுத் தருவோம்.

களுவாஞ்சிக்குடி மகள்:
எல்லோருக்கும் நன்றி, அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளாகப் பிரிக்கிறோம், பங்குனியில், இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. லாகுகலையில் இருக்கிற பழைய பௌத்த விகாரையான மகுல் மகா விகாரையையும் சேர்க்கலாமா என்று ஒரு மாமியின் பேரன் கேட்கிறான், வரலாறு படிக்கிறவன்.

தம்பிலுவில் ஆசிரியை:
அவன் ஆசைப்பட்டால் பொத்துவிலில் சாப்பிட்ட பிறகு போகலாம், மொனராகலை வீதியில் கொஞ்சத் தூரம்தான். காவந்திச மன்னனும் விகாரமகாதேவியும் மணமுடித்த இடம் என்று சொல்வார்கள், யானை மேல் பாகன் இருக்கிற சந்திரவட்டக்கல் (வாசற்படியடியில் பதிக்கிற அரைவட்டச் சிற்பக்கல்) ஒன்று இருக்கிறது, அதை அவன் பார்க்க வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு மேல் ஆனால் விட்டுவிடுங்கள், திருக்கோவில் மாலைப் பூசை பிந்திவிடும்.

களுவாஞ்சிக்குடி மகள்:
சரி அக்கா, மூன்று மணி என்று எழுதி வைத்துவிட்டேன். கல்முனைக்குடிக் காக்கா (அண்ணன்), தேத்தண்ணீருக்கு 34 பேரும் வருவோம். அம்மா இப்போதே பாறைக்குக் கொண்டுபோகத் தடித்த காலுறை தேடுகிறார்.