பாரோ தக்சங் மடத்துக்கு 62 வயது அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நெல்லைக்காரி:
வருகிற நவம்பரில் அம்மாவும் நானும் பூட்டான் போகிறோம். பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து காரில் புன்ட்ஷோலிங், அப்புறம் திம்புவில் இரண்டு இரவு, பாரோவில் இரண்டு இரவு. பாறையில் ஒட்டவைத்தது போல நிற்கும் பாரோ தக்சங் என்கிற அந்தப் புலிக்குகை மடத்தைக் காலண்டரில் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்கு அங்கே போயே ஆக வேண்டும். போன வருடம் பழனியில் யானைப் பாதையில் ஏறிவிட்டார், ஆனால் இறங்கும்போது வலது முட்டி வீங்கிவிட்டது. மூச்சு, பிரஷர் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. குதிரை மடத்து வாசல் வரை போகுமா? பெற்றோரைக் கூட்டிப்போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மலைவழி:
போன அக்டோபரில் 66 வயது அப்பாவோடு போய் வந்தேன். குதிரை பாதி வழியில் இருக்கிற சிற்றுண்டிச்சாலைப் பக்கம் வரைதான், அதுவும் ஏறுவதற்கு மட்டும். இறங்கும்போது குதிரை கிடையாது, நடந்துதான் வரவேண்டும். வண்டி நிற்கும் இடம் சுமார் 2600 மீட்டர் உயரம், மடம் 3120 மீட்டர். 900 மீட்டர் செங்குத்து என்று எல்லோரும் எழுதுவது பாரோ பள்ளத்தாக்கின் தரையிலிருந்து பார்த்த கணக்கு, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். நாம் ஏறுவது 500 மீட்டர் சொச்சம்தான்.

சிற்றுண்டிச்சாலை வரை பைன் மரங்களுக்கு நடுவே அகலமான மண்பாதை. அதற்கு மேலும் ஏற்றம்தான், ஆனால் நின்று நின்று போய்விடலாம். கடைசியில் மடத்துக்கு எதிரே, ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு திருப்பம் வரும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், ஆனால் நடுவில் பெரிய பள்ளம். படி படியாக அருவி வரை இறங்கி, சின்னப் பாலத்தைக் கடந்து, மறுபடி படி ஏற வேண்டும். இறக்கமும் ஏற்றமும் சேர்த்து 700 படிகளுக்கு மேல், திரும்பும்போது மறுபடியும் அவ்வளவும். உங்கள் அம்மாவின் முட்டிக்குச் சோதனை அங்கேதான், ஏற்றத்தில் இல்லை.

பாரோவில் முழுதாகக் கிடைக்கிற நாளில் போங்கள். திம்புவில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதால் உயரம் ஓரளவு பழகியிருக்கும். காலை எட்டு மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள். அடிவாரத்தில் ஊன்றுகோல் வாடகைக்குத் தருவார்கள், அம்மாவுக்கு ஒன்று போதாது, இரண்டு கைக்கும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். முட்டி உறையை ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பழக்குங்கள்.

கோவை வாசகி:
நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் மாமியாருக்கும் இதே முட்டிப் பிரச்சினைதான். போகும்போது உற்சாகமாகத்தான் போனார். திரும்பும்போது அந்தப் படிகளில் கால் மடங்கவே இல்லை, நானும் கணவரும் ஆளுக்கொரு தோளைக் கொடுத்து, காட்டுக்குள் இருட்டிய பிறகுதான் வண்டிக்கு வந்து சேர்ந்தோம். வழிகாட்டி பொறுமையானவராக இருந்ததால் பிழைத்தோம். சிற்றுண்டிச்சாலையிலிருந்தே மடம் நன்றாகத் தெரியும். அம்மாவை அங்கே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வெயில் படுகிற பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அதுவும் தரிசனம்தான்.

தம்பிரான்:
காகித விஷயங்களை முதலில் முடித்துவிடுங்கள். ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1200 ரூபாய் அரசுக் கட்டணம். மடத்துக்கான நுழைவுச்சீட்டை அடிவாரத்திலேயே வாங்க வேண்டும், மேலே போய்த் தேடாதீர்கள். கை மூடிய சட்டை, முழுக்கால் உடை. வாசலில் செருப்பு, பை, போன், கேமரா எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தரை ஜில்லென்று இருக்கும், தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதையை அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். குரு ரின்போச்சே என்று அவர்கள் வணங்கும் பத்மசம்பவர், எட்டாம் நூற்றாண்டில் பெண்புலி மேல் பறந்து வந்து இந்தக் குகையில் தவம் இருந்தார் என்பது நம்பிக்கை. அந்தக் குகையைச் சுற்றித்தான் 1692இல் மடம் கட்டினார்கள். 1998 ஏப்ரலில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோய், 2005இல் பழையபடி எழுப்பி முடித்தார்கள். நாம் பார்க்கும் சுவர்கள் பெரும்பாலும் புதியவை, குகை அதேதான். உள்ளே நம் ஊர் போலவே வலமாகச் சுற்றுவார்கள். பிக்கு நம் கையில் மஞ்சள் தீர்த்தம் ஊற்றுவார், கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். என் அம்மா அந்த இடத்தில் கண்கலங்கி நின்றதை மறக்க மாட்டேன். அதனால்தான் கோவை வாசகி சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பது ஒன்று, தீர்த்தம் வாங்குவது இன்னொன்று.

மலைவழி:
வாசகி சொல்கிற ஆபத்து உண்மைதான். எதிர்த் திருப்பத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று பாருங்கள். பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டாலோ, அதுவரை வந்ததிலேயே முட்டி வலித்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். அன்று சாயங்காலம் பாரோவில் சுடுகல் குளியலுக்குச் சொல்லி வையுங்கள். ஆற்றுக் கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மரத்தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். அப்பா மறுநாள் காலையில் எழுந்து நடந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். சிற்றுண்டிச்சாலை வரை குதிரை, அப்புறம் கோல் ஊன்றி அந்தத் திருப்பம் வரை, அதற்கு மேல் முட்டி சொல்வதைக் கேட்போம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். தன்னால் முடியாவிட்டால் நான் மட்டும் போய்த் தலையில் தடவும் தீர்த்தத்தில் கொஞ்சம் கைக்குட்டையில் நனைத்து வர வேண்டுமாம். அப்படிச் செய்தால் அங்கே தப்பாக நினைப்பார்களா, தம்பிரான்?

தம்பிரான்:
நினைக்க மாட்டார்கள். வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அவர் பிக்குவிடம் கேட்டு ஒரு சின்னப் பாட்டிலிலேயே வாங்கித் தருவார். என் அம்மா பாட்டிக்காக அப்படித்தான் கொண்டுவந்தார்.