ரிசெஷன் வெலாசிட்டிக்கு அகல்வேகம்?

> ரெட்ஷிப்ட் = செம்பெயர்ச்சி, ரிசெஷன் வெலாசிட்டி = பின்வாங்கு வேகம். சரியா தம்பி?

ஐயா வணக்கம். பெயர்ச்சின்னாலே நம்ம ஆளுங்களுக்கு குருவும் சனியும்தான் ஞாபகம் வரும் :) ரெட்ஷிப்டுக்கு, அதாவது தூரத்து ஒளியோட அலை நீண்டு வர்றதுக்கு, செந்நகர்ச்சியே இருக்கட்டும், ஏற்கனவே புழங்குற சொல்தான். அதுல செம்மைன்னா அலைநீளம் கூடுற பக்கம்னு எடுத்துக்கணும், ஹைட்ரஜனோட 21 செ.மீ. ரேடியோ அலை இன்னும் நீண்டா சிவப்பை விட்டு தள்ளித்தான் போகுது, அதுக்கும் இதே பேர்தான்.

என் சண்டை ரெண்டாவது சொல்லோட, அதாவது பிரபஞ்சம் விரியறதால காலக்ஸிகள் நம்மை விட்டு தள்ளிப் போற வேகத்துக்கான சொல்லோட. பின்வாங்குதுன்னா காலக்ஸி ஏதோ ராக்கெட் மாதிரி விண்வெளிக்குள்ள ஓடுதுன்னு ஆயிடும். கிட்ட இருக்கறதுக்கு பரவால்ல, செந்நகர்ச்சியோட அளவு, அதாவது இசட், 0.01னா ஒளிவேகத்தால பெருக்கி நொடிக்கு சுமார் 3000 கி.மீ., ஹபிள் மாறிலி (ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு வேகம் நொடிக்கு எத்தனை கி.மீ. கூடுதுங்கற எண்) 70னு வச்சா தூரம் 43 மெகாபார்செக், அதாவது 14 கோடி ஒளியாண்டு, முடிஞ்சுது. ஆனா ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்த ரொம்ப தூரத்து காலக்ஸி ஜிஎன்-இசட்11க்கு இசட் 10.6, இதையும் அப்படியே பெருக்கினா ஒளியைவிட பத்து மடங்குக்கு மேல வருது, அது தப்பு. அதோட ஒண்ணு கூட்டுங்க, 11.6. அந்த ஒளி கிளம்பினதுலேர்ந்து பிரபஞ்சம் 11.6 மடங்கு விரிஞ்சிருக்கு, அலையும் வழியிலயே அத்தனை மடங்கு நீண்டுடுச்சு, செந்நகர்ச்சி நேரா சொல்றது இவ்வளவுதான். வேகம் வேணும்னா பிரபஞ்சம் எந்தெந்தக் காலத்துல எப்படி விரிஞ்சுதுன்னு ஒரு மாடல் வச்சு தனியா கணக்கு போடணும். போட்டா இன்னிக்கு அதோட வேகம் ஒளிவேகத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல! ஒளியை எதுவும் முந்தாதுன்ன ஐன்ஸ்டைனுக்கு ஒரு சேதமும் இல்ல, நடுவுல இருக்கற விண்வெளிதான் பெருகுது, பக்கத்துல போற ஒளியை எந்தக் காலக்ஸியும் முந்தல.

அதனால 'அகல்வேகம்'. அகலுறதுன்னா விலகிப் போறதும் ஆச்சு, அகலமாகறதும் ஆச்சு.

> அகல்னா விளக்குதானே நினைப்பு வருது தம்பி. விலகு வேகம் போதாதா?

அதை டாப்ளர் விளைவுக்கு, அதாவது ஒரு பொருள் விண்வெளிக்குள்ள நிஜமாவே நகர்றதால அலைநீளம் மாறுறதுக்கு, விட்டுடலாம்யா. நம்ம காலக்ஸிக்குள்ளயே ஒரு நட்சத்திரம் தள்ளிப் போனா அது விலகு வேகம். வானியலாளர் ஸ்லைஃபர் 1912ல ஆன்ட்ரமீடா காலக்ஸியை அளந்தப்ப வந்தது நீலநகர்ச்சி (அலைநீளம் குறையறது, நம்மகிட்ட வருதுன்னு அர்த்தம்), நொடிக்கு 300 கி.மீ., அங்க 'அணுகு வேகம்'னும் ஜோடியா வச்சுக்கலாம். விரிவால வர்றதுக்கு மட்டும் அகல்வேகம். சேர்த்து ஒரே சொல்லா எழுதினா விளக்கு குறுக்க வராது.

காலக்ஸிக்கு பேரடையா விண்மீன் மண்டலமாங்கிற பஞ்சாயத்தை தயவுசெஞ்சு தனி இழைல வச்சுக்குவோம்.