இன்புளுவன்சா ஊசி போட்ட பிறகு அக்கி வந்திருக்கிறது. தொடர்பு இருக்குமா?

உவர்மலை_மகள் (கேள்வி):
அம்மாவுக்கு 66 வயது. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிக்கிறா. இரண்டு கிழமைக்கு முதல் இடது கையில் இன்புளுவன்சா தடுப்பூசி போட்டது. முந்தநாள் வலது விலாப் பக்கம் எரிவும் குத்தும் தொடங்கியது. நேற்றுப் பின்னேரம் அதே இடத்தில், முதுகிலிருந்து மார்புக்குக் கீழ் வரைக்கும் கூட்டம் கூட்டமாகக் கொப்புளம் போட்டிருக்கிறது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இல்லை. சின்ன வயதில் அம்மாள் வருத்தம் (சின்னம்மை) வந்தது. பக்கத்து வீட்டார் எல்லாரும் ஊசியால்தான் அக்கி வந்தது என்கிறார்கள். உண்மையா? இனி வருடா வருடம் அந்த ஊசியைப் போடாமல் விடுவதா?

மருந்துக்குறிப்பு:
காரணத்தைப் பிறகு கதைக்கலாம். நீங்கள் எழுதியிருப்பது அக்கி மாதிரியே இருக்கிறது. உங்களுக்கு இப்போது முக்கியம் நேரம்தான். கொப்புளம் தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள் வைரசுக்கான குளிசை தொடங்கவேண்டும். நாளை மறுநாள் கிளினிக் நாள் என்று காத்திருக்காமல் இன்றைக்கே ஓபீடியிலோ குடும்ப வைத்தியரிடமோ காட்டுங்கள்.

வழமையான அளவு அசைக்கிளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 தரம், 7 நாள். காலை 7, 11, பின்னேரம் 3, இரவு 7, 11 என்று பிரித்தால் நடு இரவில் எழுப்பத் தேவையில்லை. வலசைக்கிளோவிர் என்றால் 1000 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 தரம், அதே 7 நாள். 500 மில்லிகிராம் குளிசை கிடைத்தால் ஒரு வேளைக்கு இரண்டு.

இதில் பிழைக்கிற இடங்கள் வழமையாக மூன்று. அசைக்கிளோவிர் 200 மில்லிகிராம் குளிசையை ஐந்து வேளை எழுதிக் கொடுப்பது நடக்கிறது. அது வாயோரக் கொப்புளம் போன்ற மற்ற ஹேர்பிஸ் வருத்தத்துக்கான அளவு, அக்கிக்குக் காணாது. அசைக்கிளோவிர் கிறீம் மட்டும் வாங்கிப் பூசுவதும் அப்படித்தான். வைரஸ் இருப்பது நரம்புக்குள், தோலில் பூசுவது அங்கே போய்ச் சேராது. மூன்றாவது, எரிவு குறைந்ததும் மூன்றாம் நாளே குளிசையை நிற்பாட்டிவிடுவது.

அம்மாவுக்குச் சீனி இருப்பதால் சிறுநீரகம் எப்படி என்று பார்த்தே அளவைத் தீர்மானிக்கவேண்டும். கடைசியாக எடுத்த கிறியாட்டினின் அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள். அளவு கூடி உடம்பில் தேங்கினால் பிதற்றல், நடுக்கம், ஆளைத் தெரியாத மயக்கம் வரும்; அப்படி ஏதும் கண்டால் அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்கு. தண்ணீர் நன்றாகக் குடிக்கவேண்டும், திருகோணமலை வெயிலில் இரண்டு மடங்கு கவனம். நோவுக்குப் பரசிற்றமோல் காணும். ஐபுபுறூபன், டைக்ளோபினாக் வகையைத் தவிருங்கள், சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. வருத்த நேரத்தில் சீனி ஏறக்கூடும், வீட்டில் மெசின் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவி, மஞ்சள், சாம்பல் ஒன்றும் பூசவேண்டாம். கொப்புளம் உடைந்த இடத்தில் கிருமி பிடிப்பது பெரும்பாலும் அதனால்தான். வைத்தியருக்கும் தோல் தெரியாமல் போகும். கலமைன் பூசலாம், தளர்ந்த பருத்திச் சட்டை போடலாம்.

அலஸ்தோட்டம்_72:
இப்போது ஊசிக் கேள்வி. நேரடியாகச் சொன்னால், இன்புளுவன்சா ஊசி அக்கியை உண்டாக்க வழி இல்லை. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த இன்புளுவன்சா வைரசின் பாகங்கள். அக்கியைத் தருவது வேறு வைரஸ்: சின்ன வயதில் அம்மாளாக வந்த அதே வரிசெல்லா சொஸ்ரர். வருத்தம் மாறினாலும் அது உடம்பை விட்டுப் போவதில்லை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்து நரம்பு முடிச்சுகளில் பத்துக்கணக்கான வருடம் படுத்திருக்கும். வயது போய் அதைக் கட்டுப்படுத்தும் எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு முடிச்சில் மட்டும் எழும்பி, அந்த நரம்பு போகும் பட்டையில் வரும். அதனால்தான் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. இடது கையில் குத்திய ஊசிக்கும் வலது விலா நரம்புக்கும் உடல் வழியாக ஒரு பாதையும் கிடையாது.

‘ஊசி புதிதாகத் தராவிட்டாலும் உள்ளே இருந்ததை எழுப்பியிருக்கலாமே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல தடுப்பூசிகளுக்குப் பின் அக்கி வந்த தனித்தனிச் சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. ஆனால் தனிச் சம்பவம் காரணத்தை நிரூபிக்காது. கணக்கைப் பாருங்கள்: 60 கடந்தவர்களில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு 8 பேருக்கு அக்கி வருகிறது என்று வைப்போம். 10,000 பேருக்கு ஊசி போட்டால், ஊசியே போடாவிட்டாலும் வருடத்தில் 80 பேருக்கு வரும். அதில் ஏதாவது நாலு கிழமைக்குள் 6 பேருக்கு வரும். அந்த 6 பேரின் வீட்டிலும் ஊசியைத்தான் குற்றம் சொல்வார்கள்.

இன்னொரு சிக்கல். ஊசி போடச் சொல்வது யாருக்கு? வயது போனவர்கள், சீனி, சிறுநீரகம், நெஞ்சு வருத்தக்காரர். அக்கி கூடுதலாக வருவதும் இவர்களில்தான். ஆகவே ஊசி போட்டவரையும் போடாதவரையும் சும்மா ஒப்பிட்டால் பிழையான விடைதான் வரும். ஒரே ஆளை எடுத்து, ஊசிக்குப் பிந்திய சில கிழமைகளையும் அவரது மற்றக் காலத்தையும் ஒப்பிடும் ஆய்வுதான் இதில் நம்பத்தக்கது.

உண்மையான தொடர்பு இருந்தால் அது மறைந்து கிடக்காது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியோடு கியான் பரே என்ற, கைகால் வலுவிழக்கும் நரம்பு வருத்தம் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவருக்குக் கூடியதையே கண்டுபிடித்தார்கள். கோவிட் ஊசியில் கேள்வி இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது: 2021இல் இஸ்ரேலில் பைசர் ஊசி பற்றிய பெரிய ஆய்வொன்றில் அக்கி சற்றுக் கூடித் தெரிந்தது, பிறகு வந்த சில ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. இன்புளுவன்சா ஊசிக்கு அக்கி ஒரு பக்கவிளைவாக நிறுவப்படவில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறிவிக்கலாம், தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதியும் முறை அங்கே இருக்கிறது.

உவர்மலை_மகள்:
நன்றி. ஓபீடியில் காட்டி அக்கி என்று உறுதி சொல்லி, 800 மில்லிகிராம் தந்திருக்கிறார்கள். வீட்டில் தங்கச்சி ஐந்து மாதக் கர்ப்பிணி. விலகியிருக்க வேண்டுமா?

மருந்துக்குறிப்பு:
தங்கச்சிக்கு அம்மாள் வருத்தம் முன்பு வந்திருந்தால் அல்லது அதற்கான ஊசி இரண்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டும் இல்லை அல்லது ஞாபகம் இல்லை என்றால் இன்றே அவளுடைய கர்ப்பிணி கிளினிக்கில் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். ஏற்கனவே கொப்புள நீர் பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், நாள் பிந்தக்கூடாது. அக்கி அக்கியாகத் தொற்றாது. கொப்புள நீர் பட்டால் எதிர்ப்பு இல்லாதவருக்கு அம்மாளாகத்தான் வரும். எல்லாம் காய்ந்து பொருக்குப் பிடிக்கும் வரை, ஏறத்தாழ 7 முதல் 10 நாள், மூடிக் கட்டி வையுங்கள். துவாய், படுக்கை விரிப்பு தனி. கைக்குழந்தைக்கும் புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கும் இதே கவனம்.

கிண்ணியா_வயல்:
இந்த ஆளுக்கு உறுதியாகிவிட்டது, இருந்தாலும் வாசிக்கிற மற்றவர்களுக்கு. மாரி மழைக்காலம் இன்புளுவன்சா கூடும் காலங்களில் ஒன்று. அதே நேரம் வயல் பக்கம் செம்மஞ்சளும் கறுப்புமான, ஒரு சென்ரிமீற்றரும் இல்லாத பூச்சி இரவில் லைற்றுக்கு வரும். கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கினால் அதன் நஞ்சு பட்டு, ஒரு நாளளவில் கோடு கிழித்த மாதிரிச் சிவந்து கொப்புளிக்கும். பலர் அதையும் அக்கி என்று சொல்லி அசைக்கிளோவிர் தேடுகிறார்கள். பூச்சி என்றால் முன்கூட்டி நரம்பு நோ இருக்காது, முழங்கை மடிப்பில் ஒன்றுக்கொன்று ஒட்டின இரண்டு பக்கமும் அச்சுப் போல விழும். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுதான் முதல் வேலை.

அலஸ்தோட்டம்_72:
அடுத்த வருட ஊசிக்கு: போடலாம், அக்கி வந்தது தடையல்ல. அக்கிக்கென்றே ஒரு தடுப்பூசி இருக்கிறது, ஷிங்க்றிக்ஸ். உயிருள்ள வைரஸ் இல்லாதது. 50 வயதுக்கு மேல் 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தரம் போடவேண்டும். ஒருக்கால் அக்கி வந்தவருக்கும் இந்தத் தடவை முழுதாக மாறிய பின் போடலாம். இன்புளுவன்சா ஊசியோடு ஒரே நாளில் மற்றக் கையில் போடுவதற்கும் தடையில்லை.

இப்போதைக்கு இவற்றைக் கவனியுங்கள்: மூக்கு நுனியிலோ நெற்றியிலோ கொப்புளம் வந்தால் கண் வைத்தியரிடம் அன்றைக்கே; காதில் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அன்றைக்கே; மற்றப் பக்கத்துக்கும் பரவினால் வைத்தியசாலையில் தங்கவேண்டி வரும். தோல் ஆறி மூன்று மாதம் கடந்தும் எரிவு இருந்தால் பரசிற்றமோல் கேளாது. அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம் இரவில் தொடங்குவது அல்லது கபாபென்ரின் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அமிற்றிப்ரிலின் குடித்தால் இரவில் எழும்பும்போது தலைசுற்றி விழக்கூடும், கட்டிலோரம் ஒரு லைற் எரியட்டும்.