ஒய் அச்சுக்கு 1605 பால் ஸ்க்ரூவா, 1610-ஆ?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் கட்டும் சி.என்.சி ரூட்டருக்கு (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) தேர்வு செய்ய யோசனை தேவை. வெட்டும் பரப்பு 600 × 1000 மி.மீ. பெரும்பாலும் பிளைவுட், அவ்வப்போது அலுமினியம். மோட்டார் நெமா 23 அளவு ஸ்டெப்பர் (சிறு சிறு ஸ்டெப்பாகச் சுழல்வது), 36 வோல்ட். டிரைவரில் சுற்றுக்கு 1600 ஸ்டெப்.

8 மி.மீ லீட் ஸ்க்ரூ வேண்டாம் என்பது முடிவு. 1200 மி.மீ நீளத்தில் வேகம் கூடினால் கயிறு போல விசிறும், பித்தளை நட் தேயத் தேய பேக்லாஷும் (திசை மாறும்போது வரும் தளர்வு) ஏறும்.

1605-இல் (16 மி.மீ விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ நகர்வு) நிமிடத்துக்கு 6000 மி.மீ ஓட 1200 ஆர்.பி.எம் வேண்டும். அங்கே ஸ்டெப்பரின் டார்க் சரிந்து ஸ்டெப் தவறும். 1610-க்கு (சுற்றுக்கு 10 மி.மீ) 600 போதும். ஆனால் அதே டார்க்குக்குத் தள்ளும் விசை பாதிதான். (ஸ்டெப்புக்கு 0.003 மி.மீ கிடைக்கும் என்பதற்காக மட்டும் 1605-ஐச் சொல்லாதீர்கள். உருட்டித் தயாரித்த சி7 துல்லியத் தர ஸ்க்ரூவின் பிழையே 300 மி.மீக்கு 0.05 வரை வரும்.) அலுமினியத்துக்கு 1610-இன் விசை போதுமா?

ஒய்யில் இரு பக்கமும் ஸ்க்ரூ வரும். இரண்டுக்கும் தனி மோட்டாரா, ஒரே மோட்டாரும் பெல்ட்டுமா? தனி மோட்டாரில் ஒன்று மட்டும் ஸ்டெப் தவறினால் கேன்ட்ரி (ஒய்யில் ஓடும் குறுக்குப் பாலம்) கோணலாகி இறுகிவிடுமே.

இசட்டில் பால் ஸ்க்ரூ போட்டால், கரண்ட் போனதும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தன் எடையிலேயே இறங்கி பிட்டை உடைக்கலாம். பிரேக் மோட்டார் வாங்குவதா, எடையில் தானாகச் சுழலாத 12 × 3 டிரபிசாய்டல் ஸ்க்ரூவோடு ஆன்டி-பேக்லாஷ் நட் போதுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் மோட்டார் டார்க், கேன்ட்ரி எடையோடு சொன்னால் உதவியாக இருக்கும்.